காலாப்பட்டில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு

"காலாப்பட்டுல என்ன சார் இருக்கு? ரூம்லயே கெடக்கணும், இல்லன்னா டவுனுக்குப் போய்க் காசை எறைக்கணும்."

புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த மூன்றாவது வாரத்துக்குள் புதிதாக வந்த பிள்ளைகள் இந்த வாசகத்தை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். சொல்லிக்கொடுத்தவர்கள் சீனியர்கள். அவர்களுக்குச் சொன்னவர்கள் அவர்களுடைய சீனியர்கள். சொந்த ஊரில் இருக்கும் சித்தப்பாவும் மாமாவும் வேறு விதமாகச் சொல்வார்கள்: "பாண்டிச்சேரியில படிக்கிறியா, அப்ப ஜாலிதான்." கேட்க இரண்டும் எதிரெதிராக இருக்கும். அடியில் ஓடும் எண்ணம் ஒன்றுதான்: காசு இருப்பவனுக்கு இந்த ஊர் சொர்க்கம், இல்லாதவனுக்கு இங்கே ஒன்றும் கிடையாது. இந்த எண்ணம் பொய். ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குத் தீங்கு செய்கிற பொய். அதனால்தான் விரிவாக மறுக்கிறேன்.

என்ன தீங்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தன் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த ஒரு மாணவி, அறைத்தோழியின் பிறந்தநாள் ட்ரீட்டுக்குப் பங்கு போடப் பணமில்லாமல், காய்ச்சல் என்று சொல்லிப் போர்வையை இழுத்து மூடிப் படுத்துக்கொண்டாளாம். படிப்பு முடிந்து போன பிறகுதான் அதை என்னிடம் சொன்னாள். அன்று சாயங்காலம் விடுதியிலிருந்து நடக்கிற தூரத்தில் கடல் இருந்தது. அந்தக் கடலுக்குப் போவதும் ஒரு கொண்டாட்டம் என்று அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. ஸ்கூட்டர் வாடகை, பிரெஞ்சுப் பெயர் வைத்த காஃபே, ரீல்ஸுக்கு ஏற்ற மஞ்சள் சுவர், வார இறுதியில் சரக்கு. சுற்றுலாப் பயணிக்கு விற்கிற இந்தப் பட்டியலையே மாணவரின் பொழுதுக்கும் அளவுகோலாக்கிவிட்டோம். இரண்டு நாள் தங்கிப் போகிறவருக்குத் தேவையானது வேறு. இரண்டு வருடம், ஐந்து வருடம் வாழ வந்த பிள்ளைக்குத் தேவையானது வேறு.

"ஒன்றுமில்லை" என்று சொல்லப்படும் இடம் எப்படிப்பட்டது? புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்தால் கோட்டக்குப்பத்தில் தமிழ்நாடு தொடங்கிவிடும். பொம்மையார்பாளையம் தாண்டிப் பிள்ளைச்சாவடியில் மறுபடி புதுச்சேரி. கணபதிசெட்டிகுளம் முடிந்ததும் மறுபடி தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் அடித்துக்கொண்டு பங்கு பிரித்ததன் மிச்சம் இந்தத் துண்டு நிலம். இதற்குள் 1985இல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம் சுமார் 800 ஏக்கரில் இருக்கிறது. பொறியியல் கல்லூரியாக இருந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான நிறுவனம் பிள்ளைச்சாவடியில் இருக்கிறது. சட்டக் கல்லூரி இருக்கிறது, மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஒரு பக்கம் மீனவர் குப்பங்கள், மறுபக்கம் செம்மண் மேடும் முந்திரித் தோப்பும். இத்தனை துறை மாணவர்கள் இத்தனை நெருக்கத்தில் வாழும் கடலோரக் கிராமம் தமிழ் பேசும் நிலத்தில் வேறு எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பார்க்கிறேன். எளிதில் நினைவுக்கு வரவில்லை. மால் இல்லை என்பது உண்மை. மால் இல்லாததை "ஒன்றுமில்லை" என்று மொழிபெயர்ப்பதுதான் தவறு.

கடலிலிருந்து தொடங்குகிறேன். கடல் என்றதும் பிள்ளைகள் செல்ஃபியை நினைக்கிறார்கள், பெற்றோர் சாவை நினைக்கிறார்கள். பெற்றோர் பயத்தில் நியாயம் இருக்கிறது. இந்தக் கரையில் நீரோட்டம் ஆளை உள்ளே இழுக்கும், பழக்கமில்லாதவர்கள் இறங்கக் கூடாது. ஆனால் கடலுக்குப் போவது என்றால் கடலில் இறங்குவது என்று யார் சொன்னது? விடியற்காலையில் பெரிய காலாப்பட்டுக் கரையில் நின்று பாருங்கள். ஃபைபர் படகுகள் கரையேறும். வலையைத் தட்டி மீனை உதறுவார்கள். மணலில் குவித்த மீனுக்கு அங்கேயே ஏலம் நடக்கும். கூடையோடு வரும் பெண்கள் ஒரு பார்வையிலேயே குவியலின் எடையையும் விலையையும் கணித்துவிடுவார்கள். பொருளாதாரம் படிக்கும் மாணவர் ஏலக் கோட்பாட்டைக் கரும்பலகையில் படிக்கிறார். அவர் விடுதியிலிருந்து நடக்கிற தூரத்தில், தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்கிற பெண்கள் அதைத் தினமும் நடத்திக்காட்டுகிறார்கள். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்திருக்கும் பெரியவர்கள் அங்கே உட்கார்ந்து வலை பின்னுகிறார்கள். "ஐயா, இன்னிக்கு என்ன காத்து?" என்று மரியாதையாக ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

இந்தக் கரை ஏன் சுருங்குகிறது என்ற கதையும் காலில் நடந்தே படிக்க வேண்டியது. நம் கடற்கரையில் தென்மேற்குப் பருவத்தில் அலைகள் தெற்கிலிருந்து சாய்வாக வந்து மணலை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் தெற்கே தள்ளும். வருடக் கணக்கில் பார்த்தால் வடக்கே போகும் மணல்தான் அதிகம். 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் அணைகளை நீட்டினார்கள். வடக்கே போக வேண்டிய மணல் அணைக்குத் தெற்கே தேங்கியது. புதுச்சேரி நகரத்தின் மணற்கரை காணாமல் போனது. நகரத்தைக் காக்கக் கருங்கல் கொட்டினார்கள். அரிப்பு இன்னும் வடக்கே நகர்ந்தது. சோதனைக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று ஒவ்வொரு குப்பமாகக் கரையை இழந்தது. பிள்ளைச்சாவடியும் காலாப்பட்டும் இன்று வீடுகளைக் கடலிடம் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. 2018 வாக்கில் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே நீருக்கடியில் ஒரு செயற்கைத் திட்டு அமைத்த பிறகு நகரத்தில் கொஞ்சம் மணல் திரும்பியது. அந்த மணலில்தான் இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். குப்பங்களுக்கு அப்படித் திரும்பவில்லை. கட்டடப் பொறியியல் மாணவரும் சட்ட மாணவரும் சமூகப்பணி மாணவரும் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைச்சாவடியிலிருந்து தெற்கே நடந்தால், எந்தப் பாடப்புத்தகமும் தராத ஒரு வழக்கு அவர்கள் கண்முன் விரியும். இதற்கு டிக்கெட் கிடையாது.

மாணவர்கள் நடந்தே பெரிய காரியம் செய்ததற்குச் சென்னையில் சான்று இருக்கிறது. 1988இல் தொடங்கிய மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர், பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் மாதங்களில் இரவு முழுதும் கரையில் நடந்து முட்டைகளைக் காக்கிறார்கள். நீலாங்கரை முதல் பெசன்ட் நகர் வரையிலான அந்த நடையில் கல்லூரிப் பிள்ளைகள் தலைமுறை மாறி மாறிக் கலந்துகொள்கிறார்கள். டார்ச் விளக்கும் கால்களும்தான் முதலீடு. அதே ஆமைகள் வரும் அதே கோரமண்டல் கரைதான் இதுவும். வனத்துறையோடு சேர்ந்து அப்படியொரு நடையைக் காலாப்பட்டில் ஆண்டுதோறும் நடத்தினால், "ஒன்றுமில்லை" என்ற பேச்சு ஒரே பருவத்தில் செத்துப்போகும்.

கடலை விட்டு வடக்கே திரும்பினால் சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் கீழ்ப்புத்துப்பட்டு. மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலைச் சுற்றியிருக்கும் அந்தக் காடு தாவரவியல் ஆய்வுக் கட்டுரைகளில் உலகமெங்கும் அறியப்பட்டது. வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று சொல்வார்கள். கோரமண்டல் கரையில் ஒரு காலத்தில் நீளமாகப் படர்ந்திருந்த காட்டின் மிஞ்சிய துணுக்குகளில் ஒன்று. அய்யனாருக்குப் பயந்து யாரும் கோடாலி எடுக்காததால் பிழைத்தது. காயா பூக்கும் நாட்களில் கிளையெல்லாம் நீலம் அப்பிக்கிடக்கும். திருமால் நிறத்துக்கு உவமையாகத் தமிழ் இலக்கியம் முழுக்க வருகிற பூ அது. தமிழ் எம்.ஏ. மாணவர் தேர்வில் "காயாம்பூ வண்ணன்" என்று எழுதுவார். அதை நேரில் பார்த்தவர் வகுப்பில் எத்தனை பேர்?

இன்னும் வடக்கே மரக்காணம், கழுவேலி. சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். பசியோடு நடந்த பாணர் குடும்பத்துக்கு, ஓய்மா நாட்டு நல்லியக்கோடனிடம் போகும் வழியில் எந்த ஊரில் என்ன கிடைக்கும் என்று சொன்ன பாட்டு அது. கையில் காசில்லாதவன் ஒரு நிலத்தை எப்படிக் கடப்பது என்பதற்கு நம்மிடம் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கும் மேற்பட்ட வழிகாட்டி இருக்கிறது, அதுவும் இந்தக் கரையை வைத்தே எழுதியது. கழுவேலியை 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் இறங்கும். நண்பனிடம் பைனாகுலர் ஒன்றைக் கடன் வாங்கிக்கொண்டால் போதும்.

இனி, இந்த மறுப்புக்கு நான் வைத்திருக்கும் மிக வலுவான சாட்சியை அழைக்கிறேன். கி. ராஜநாராயணன். கரிசல் காட்டு விவசாயி, பள்ளிப்படிப்பையே முடிக்காதவர், 1980களின் இறுதியில் இந்தப் பல்கலைக்கழகத்துக்குச் சிறப்புப் பேராசிரியராக வந்தார். வந்தவர் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார். கதை சேகரித்து வாருங்கள் என்றார். பிள்ளைகள் போனார்கள். திண்ணையில் உட்கார்ந்த பாட்டிகளிடமும் வயலில் நின்ற தாத்தாக்களிடமும் கதை கேட்டு எழுதி வந்தார்கள். புதுவை வட்டாரத்து நாட்டுப்புறக் கதைகள் அப்படித்தான் நூலாயின. பணத்தால் வாங்க முடியாத ஒரு சொத்தை, கையில் பணமில்லாத மாணவர்கள் சேர்த்தார்கள். கி.ரா. 1991இல் 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். 2021 மே மாதம் கடைசி மூச்சு வரை புதுச்சேரிவாசியாகவே இருந்தார். அவர் வேலை பார்த்த அதே பல்கலைக்கழகத்தில் நின்றுகொண்டு "இங்கே செய்ய என்ன இருக்கிறது" என்று கேட்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கதை சொல்லும் பாட்டிகள் இன்னும் சின்ன காலாப்பட்டில் இருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 காலையில் கடல் ஊருக்குள் வந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்ய எவ்வளவு செலவாகும்?

நாடகத்தையும் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளிக்குச் சங்கரதாஸ் சுவாமிகள் பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழ் நாடகத்துக்கு ஆசான் என்று போற்றப்படும் அவர் 1922இல் புதுச்சேரியில் இறந்தார். அடக்கமானது கருவடிக்குப்பத்தில், காலாப்பட்டிலிருந்து டவுனுக்குப் போகும் வழிக்குப் பக்கத்திலேயே. அந்த நிகழ்கலைப் பள்ளி இந்திரா பார்த்தசாரதி கட்டியெழுப்பிய துறை. கே.ஏ. குணசேகரன் பாடியும் கற்பித்தும் வளர்த்த துறை. அந்த மாணவர்கள் தேர்வுக்காகத் தயாரிக்கும் நாடகங்களைப் பார்க்கக் கட்டணம் வாங்குவதில்லை. ஆனாலும் அறிவியல் கட்டடத்திலிருந்து அங்கே நடந்து வருகிறவர்கள் குறைவு. விடுதி அறையில் வெப்சீரிஸ் பார்க்க மாதச் சந்தா கட்டும் பிள்ளை, கூப்பிடு தூரத்தில் தன் வயதுக்காரர்கள் உயிரைக் கொடுத்து நடிப்பதைப் பார்க்காமல் பட்டம் வாங்கிப் போகிறது.

டவுனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன், ஏனெனில் அங்கே இருப்பவை பலருக்கும் பெயரளவில் தெரியும். பெயரளவில்தான். கடற்கரைச் சாலையில் மாலை முதல் மறுநாள் காலை வரை வண்டிகளுக்குத் தடை. காலால் நடக்கிறவனே அந்த நேரத்தில் அங்கே ராஜா. 1827இல் தொடங்கிய பொது நூலகம் ரோமன் ரோலந்து பெயரில் இருக்கிறது. 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் நூலகம் ஆய்வு மாணவர்களுக்குத் திறந்திருக்கிறது. அங்கும் தூரக் கிழக்கு நாடுகள் பற்றிய பிரெஞ்சு ஆய்வுப் பள்ளியிலும் காக்கப்படும் ஏறத்தாழ 11,000 சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறின. தெற்கே அரிக்கமேட்டில், 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டி ரோமானிய வணிகத்தைக் காட்டிய இடத்தில், ஆற்றங்கரை மாமரத்தடியில் உட்கார்ந்து புத்தகம் படிக்கலாம். ஆரோவில் என்றால் காஃபே என்று நினைக்கிறார்கள். 1968இல் வெட்ட வெளிச் செம்மண்ணாகக் கிடந்த மேட்டில் மனிதக் கையால் நட்டு வளர்த்த காட்டின் நடுவே நடக்கலாம் என்பதையும், பாரத் நிவாஸ் அரங்கில் கட்டணமில்லாத கச்சேரிகளும் நாடகங்களும் அடிக்கடி நடக்கும் என்பதையும் யாரும் புதியவர்களுக்குச் சொல்வதில்லை.

பாரதியை மட்டும் அப்படிக் கடந்து போக முடியாது. 1908இல் வந்து 1918 வரை இங்கே இருந்தார். கையில் காசில்லாத பத்து வருடம். வீட்டு வாடகைக்கும் அரிசிக்கும் நண்பர்கள் முகம் பார்த்த காலம். அதே பத்து வருடத்தில்தான் பாஞ்சாலி சபதமும் கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் பிறந்தன. கடற்கரையில் நண்பர்களோடு மணிக்கணக்காகப் பேசினார், கருவடிக்குப்பம் பக்கத்துத் தோப்புக்கு நடந்தார். புதுச்சேரி தன்னிடம் இருந்ததையெல்லாம் ஓர் ஏழைக்கு இலவசமாகக் கொடுத்தது. அவர் எழுதித் திருப்பிக் கொடுத்தார். பாரதியின் புதுச்சேரிக்கும் இந்தப் பிள்ளைகளின் புதுச்சேரிக்கும் நடுவில் கடலும் காற்றும் மாறவில்லை.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன்.

"இதெல்லாம் வெட்டி வேலை, வேலைவாய்ப்புக்கு உதவாது" என்பது முதல் வாதம். இதைச் சொல்கிறவர்கள், ஒரு நாளில் நான்கு மணி நேரம் கட்டைவிரலால் திரையைத் தள்ளிக்கொண்டிருப்பது எந்த வேலைக்கு உதவுகிறது என்று சொல்லட்டும். நேர்முகத் தேர்வில் "உங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை விளக்குங்கள்" என்று கேட்டால், கரையரிப்பைக் காலால் நடந்து பார்த்தவன் பேசுவான். மற்றவன் கூகுளில் படித்ததை ஒப்பிப்பான். ஆனால் வேலைவாய்ப்பை வைத்து இவற்றை நியாயப்படுத்தவே எனக்கு மனமில்லை. இருபது வயதுப் பிள்ளைக்குக் காயாம்பூவைப் பார்க்க ஒரு காலை வேண்டும். அதற்கு வேறு காரணம் தேவையில்லை.

"இலவசம் என்றால் மட்டம்" என்பது இரண்டாவது. இது நடுத்தர வர்க்கத்தின் பழைய நோய். நூலகத்தில் எடுத்த புத்தகத்தைவிடக் கடையில் வாங்கிய புத்தகம் உயர்ந்தது என்று யாராவது சொல்வார்களா? பல்கலைக்கழக நூலகத்துக்கு ஆனந்தரங்கப் பிள்ளை பெயர். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷியாக இருந்த அவர் 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு, பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியின் சந்தை, சண்டை, சாதி, வட்டி, வதந்தி எல்லாவற்றையும் வைத்திருக்கிறது. பிரபஞ்சன் அந்தக் காலத்தை நாவலாக்கி 1995இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். வாசலில் அந்தப் பெயரை ஒரு நாளைக்கு இரண்டு முறை கடக்கும் மாணவர் உள்ளே போய் நாட்குறிப்பில் பத்துப் பக்கம் புரட்டட்டும். பிறகு டவுனில் ரங்கப் பிள்ளை வீதியில் நடந்தால் அந்தத் தெரு வேறு தெருவாக இருக்கும்.

மூன்றாவது வாதம் உண்மையானது. அதை மறுக்க மாட்டேன். பஸ். இரவானால் டவுனிலிருந்து காலாப்பட்டுக்கு வண்டி பிடிப்பது பாடு. பஸ் கட்டணமும் இலவசம் கிடையாது. அதைவிடப் பெரியது, பெண் பிள்ளைகளின் நிலை. ஆண்கள் விடுதியில் ஒரு விதி, பெண்கள் விடுதியில் ஒரு விதி என்று நாட்டில் பெரும்பாலான கல்லூரிகளில் நடக்கிறது. அவுட்பாஸ் கையெழுத்துக்காக ஒரு பெண் பாதி நாளை இழக்கிறாள். இருட்டில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் தனியாக நடக்கச் சொல்லி நான் யாருக்கும் உபதேசிக்க மாட்டேன். ஆனால் கவனியுங்கள், இந்த வாதம் "காலாப்பட்டில் ஒன்றுமில்லை" என்பதை நிறுவவில்லை. இருக்கிறது, போக விடவில்லை என்பதை நிறுவுகிறது. அந்தப் பழியை ஊரின் தலையில் போடக் கூடாது. நிர்வாகங்கள் சுமக்க வேண்டிய பழி அது.

ஆகவே நிர்வாகங்களிடம் கேட்கிறேன். வளாகத்துக்குள் ஓடும் பேருந்துகளில் ஒன்றை மாதத்தில் இரண்டு ஞாயிறு கழுவேலிக்கும் அரிக்கமேட்டுக்கும் அனுப்புங்கள். நாடகத் துறையின் நிகழ்ச்சி அறிவிப்பை எல்லா விடுதி மெஸ்ஸிலும் தமிழிலும் ஒட்டுங்கள். புதிய மாணவர்களுக்கான முதல் நாள் நிகழ்ச்சியில் விதிமுறைப் பட்டியலை வாசிப்பதோடு, குப்பத்துப் பெரியவர் ஒருவரை மேடையேற்றிக் கடலைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். பெண்கள் விடுதிக்கு ஆண்கள் விடுதியின் நேரத்தையே கொடுங்கள். சீனியர்களே, அடுத்த ஜூலையில் வரும் பிள்ளைகளிடம் அந்தப் பழைய வாசகத்தைச் சொல்லாதீர்கள். முதல் சனிக்கிழமை விடியலில் அவர்களை எழுப்பிப் பெரிய காலாப்பட்டுக் கரைக்குக் கூட்டிப் போங்கள். விடுதிக் கதவைக் கொஞ்சம் முன்னதாகத் திறக்கச் சொல்லி வார்டனிடம் இன்றே கேட்டுவிடுங்கள். வெயில் ஏறுவதற்குள் மீன் ஏலம் முடிந்துவிடும்.